குருதி கூறும் சான்று

ஆர்க்காட்டிலிருந்து மேற்கு நோக்கி வாணியம்பாடி வரையில் செல்பவர்க்கு, அந்நிலப்பகுதி எத்தொழிலால் வாழ்கிறது என்பதை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. இராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய ஊர்களில் தோல் பதனிடும் தொழில் தலைமுறை தலைமுறையாக வேரூன்றி நிற்கிறது. முன்னாளில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு பதனிட்ட தோல்கள் சென்னைத் துறைமுகத்தின் வழியே இங்கிலாந்துக்குச் சென்றன. இந்நாளில் காலணிகளும் இப்பகுதியிலேயே தைக்கப்பெற்றுப் பல நாடுகளுக்கு ஏற்றுமதியாகின்றன.

தோல் மண்டியில் தரம் பிரிப்பவரின் வேலையை உற்று நோக்கியவர்கள் ஒன்றை அறிவார்கள். அவர் ஒரு தோலை விரித்து வெளிச்சத்தில் பார்த்த அளவிலேயே அம்மாட்டின் வாழ்க்கையைப் படித்துவிடுகிறார். இது உண்ணி கடித்த தழும்பு, இது சூடு போட்ட வடு, இது தாற்றுக்கோல் குத்திய இடம், இது நுகத்தடி தேய்த்த தடம் என்று விரல் வைத்துக் காட்டுவார். ஆயினும் தோலில் எழுதப்படாத செய்தியும் உண்டு. அம்மாட்டை எந்த நோய் தாக்கியது, எந்த நோய்க்கு அது தப்பிப் பிழைத்தது என்பன குருதியில்தான் பதிவாகின்றன. அந்தப் பதிவைப் படிக்க மனிதன் கற்றுக்கொண்ட வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்லப் புகுகிறேன். நான் வரலாறு பயில்பவன், மருத்துவன் அல்லன். ஆதலால் மருத்துவ நுட்பங்களை வேண்டுமளவே தொட்டுச் செல்வேன்.

இவ்வரலாற்றில் நாம் முதலில் அறிய வேண்டுவது வெக்கை நோய். ஜெர்மன் மொழியில் மாட்டுக் கொள்ளைநோய் எனப் பொருள்படும் 'ரிண்டர்பெஸ்ட்' என்ற பெயரே இதற்கு உலகெங்கும் வழங்கிற்று. மனிதர்க்கு வரும் தட்டம்மையை உண்டாக்கும் வைரஸுக்கு இந்நோயின் வைரஸ் நெருங்கிய உறவு. மாட்டுக்கு முதலில் கடுங்காய்ச்சல் ஏறும்; கண்ணும் மூக்கும் ஒழுகும்; சில நாட்களில் வாயின் உட்புறம் புண்ணாகித் தீனி நின்றுவிடும்; அதன்பின் ஓயாத கழிச்சல் கண்டு, உடல் நீர் வற்றி, மாடு சாயும். நோய்க்குப் புதிதான மந்தையில் புகுந்தால் பெரும்பகுதியை அது வாரிக்கொண்டு போய்விடும். உழுமாடு இரண்டையும் ஒரே வாரத்தில் இழந்த குடியானவனுக்கு அவ்வாண்டு ஏரும் இல்லை, ஏற்றமும் இல்லை, வண்டியும் இல்லை. கடன் ஒன்றுதான் மிச்சம்.

உலக வரலாற்றில் இந்நோய் செய்த கொடுமைக்கு ஆப்பிரிக்கா ஒரு சான்று. 1887-ஆம் ஆண்டு வாக்கில் செங்கடலோரத்து எரித்திரியாவில் புகுந்த இந்நோய், பத்தாண்டுகளுக்குள் அக்கண்டத்தின் தென்கோடியை எட்டிற்று. சென்ற இடமெல்லாம் மாடுகளில் நூற்றுக்கு எண்பது, தொண்ணூறு என மாண்டன. எத்தியோப்பியாவில் 1888 முதல் 1892 வரை நேர்ந்த பெரும்பஞ்சத்தில் மக்களில் மூன்றில் ஒரு பங்கினர் அழிந்தனர் என்று வரலாற்றாசிரியர் மதிப்பிடுவர். அதற்கு முன்னரே, பதினெட்டாம் நூற்றாண்டில், ஐரோப்பாவும் இதே நோயால் நடுங்கிற்று. 1761-இல் பிரான்சு நாட்டு லியோன் நகரில் உலகின் முதற் கால்நடை மருத்துவப் பள்ளி நிறுவப்பட்டதற்கு இந்த அச்சமும் ஒரு தூண்டுகோலாயிற்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மாட்டுக் கொள்ளைநோயை ஆராய ஆங்கில அரசு அமர்த்திய ஆணையம், ஹாலன் என்னும் கால்நடை மருத்துவரின் தலைமையில் ஆராய்ந்து, 1871-இல் தன் அறிக்கையை அளித்தது. அக்காலத்தில் நோயின் காரணம் எவருக்கும் தெரியாது. வைரஸ் என்னும் கருத்தே அன்று பிறக்கவில்லை. மாடு சாகிறது, ஏன் சாகிறது என்பது விளங்கவில்லை. இவ்வாறு விளங்காத இடத்தில் மனித மனம் என்ன செய்யும்? ஒரு மனிதனைத் தேடும்.

அதுவே நிகழ்ந்தது. வட இந்தியாவில் இறந்த மாட்டின் தோலை உரித்து வாழ்ந்த சமூகத்தினர் மீது, தோலுக்கு ஆசைப்பட்டு மாடுகளுக்குச் சங்க பாஷாணம் வைத்துக் கொல்கிறார்கள் என்ற பழி விழுந்தது. ஆங்கில அதிகாரிகள் இப்பழியைப் பெரிதும் நம்பினார்கள்; ஒரு சமூகம் முழுவதுமே நச்சு வைப்போர் கூட்டம் என்பது போல எழுதினார்கள். எங்கேனும் ஓரிடத்தில் உண்மைக் குற்றமும் நடந்திருக்கலாம். ஆனால் பாஷாணம் தின்ற மாடும் கழிந்து சாகும். வெக்கை கண்ட மாடும் கழிந்து சாகும். இரண்டையும் பிரித்துக் காட்ட அன்று கிராமத்தில் எந்தச் சோதனையும் இல்லை. மந்தையில் சாவு மிகுந்தால் தோலும் மிகும். மிகுந்த தோலைக் கண்டவர்கள், சாவினால் தோல் மிகுந்தது என்று எண்ணாமல், தோலுக்காகச் சாவு வந்தது என்று தலைகீழாக எண்ணினார்கள். தோல் தொழிலால் வாழும் மாவட்டத்தில் பிறந்தவன் ஆதலால், இப்பகுதியைப் படிக்குந்தோறும் என் உள்ளம் கனத்துப்போவதுண்டு. நோயைக் கண்டறியும் வழி இல்லாமையால் வந்த கேடு மாடுகளோடு நிற்கவில்லை என்பதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அறிவியல் இதனுள் நுழைந்த கதை பின்னர்த் தொடங்குகிறது. 1889-இல் பூனாவில் ஓர் ஆய்வகம் தொடங்கப்பட்டு, லிங்கார்டு என்பவர் அதன் பொறுப்பேற்றார். கொடிய தொற்றுநோய்களை மக்கள் நெருக்கம் மிக்க இடத்தில் வைத்து ஆராய்தல் தகாது என்று கருதி, 1893-இல் அதை இமயமலைச் சாரலில் குமாவூன் பகுதியிலுள்ள முக்தேசுவருக்கு மாற்றினார்கள். இன்றைய இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனத்தின் தொடக்கம் அதுவே. காசநோய்க் கிருமியைக் கண்டறிந்த இராபர்ட் காக் என்னும் ஜெர்மானிய அறிஞர், தென்னாப்பிரிக்காவில் வெக்கை நோயை ஆராய்ந்த கையோடு 1897-இல் இந்தியாவுக்கு வந்தபோது முக்தேசுவருக்கும் சென்றார். 1902-இல் கான்ஸ்டாண்டிநோபிள் நகரில் நிக்கோல், ஆதில் பே என்னும் இருவர், பாக்டீரியங்களைத் தடுத்து நிறுத்தும் நுண்வடிகட்டியையும் கடந்து செல்வது இந்நோயின் காரணப்பொருள் என்று காட்டினர். கண்ணுக்கும் நுண்ணோக்கிக்கும் தென்படாத பகைவன் அது என்பது அப்போது உறுதியாயிற்று.

பகைவன் தென்படாவிடினும் அவனோடு போரிட்டவன் தென்படுவான் அன்றோ? வெக்கைக்குத் தப்பிய மாட்டை அந்நோய் மீண்டும் தாக்குவதில்லை என்பது உழவர்க்குத் தெரிந்த செய்தி. அந்தப் பாதுகாப்பு குருதியில் இருக்கிறது என்பதே அறிஞர் கண்ட புதுமை. குருதியை உறையவிட்டால் மேலே வெளிர்மஞ்சளாகத் தெளிந்து நிற்கும் நீரைச் சீரம் என்கிறோம். நோய்க்குத் தப்பிய மாட்டின் சீரத்தை வேறொரு மாட்டுக்கு ஏற்றினால், சில நாட்களுக்கேனும் அது காக்கப்படும். முக்தேசுவரில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இச்சீரம் தயாராகத் தொடங்கியது. சென்னை மாகாணத்தில் 1932-இல் தொடங்கப்பெற்ற சீரம் நிலையமே இன்று இராணிப்பேட்டையில் கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையமாக விளங்குகிறது. இறந்த மாட்டின் தோலுக்குப் பெயர்பெற்ற ஊர், உயிருள்ள மாட்டைக் காக்கும் மருந்துக்கும் பெயர்பெற்றது.

சீரத்தின் காவல் நெடுநாள் நில்லாது. ஆதலால், நோய் வைரஸையே வலுக்குன்றச் செய்து தடுப்பு மருந்தாக்கும் முயற்சி தொடர்ந்தது. முக்தேசுவரில் எட்வர்ட்ஸ் என்பவர் 1920-களில் வைரஸை வெள்ளாட்டின் உடலில் மீண்டும் மீண்டும் செலுத்தி, மாட்டுக்கு அது இழைக்கும் தீங்கைக் குறைத்தார். நாடு விடுதலை பெற்றபின் 1954-இல் தொடங்கிய தேசிய வெக்கை நோய் ஒழிப்புத் திட்டத்துக்கு இந்த ஆட்டுத் திசு மருந்தே படைக்கலமாயிற்று. பின்னர்க் கென்யா நாட்டில் வால்டர் பிளோரைட் என்னும் ஆங்கிலேயர், கன்றின் சிறுநீரக உயிரணுக்களில் வைரஸைத் தொண்ணூறு தலைமுறை அளவுக்கு வளர்த்து, எந்த மாட்டுக்கும் தீங்கு செய்யாத தடுப்பு மருந்தை 1960 வாக்கில் உருவாக்கினார். அதன் பொருட்டு 1999-இல் அவருக்கு உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது.

ஊர் ஊராகத் தடுப்பூசி போடப்பட்டது. நோய் வெகுவாகக் குறைந்தது, ஆனால் மறையவில்லை. சந்தைக்குச் சந்தை மாடு நடந்தது. மாட்டோடு நோயும் நடந்தது. இதற்குக் காரணம் நோயின் இயல்பிலேயே இருந்தது. வாயில் புண் தோன்றிய பிறகே பார்ப்பவர்க்கு வெக்கை என்று ஐயம் எழும். ஆனால் காய்ச்சல் ஏறுவதற்கும் ஓரிரு நாள் முன்னரே அம்மாடு வைரஸை வெளியே விடத் தொடங்கிவிடுகிறது. நலமாகத் தோன்றும் மாடே நோயைச் சுமந்து செல்கிறது. 1920-இல் இந்தியாவிலிருந்து பிரேசிலுக்குச் சென்ற மாடுகள் வழியில் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் துறைமுகத்தில் தங்கின. அந்நாட்டில் வெக்கை பரவிற்று. அந்த அதிர்ச்சியின் பயனாக 28 நாடுகள் கூடி, 1924-இல் பாரிஸ் நகரில் உலக விலங்கு நல அமைப்பை நிறுவின.

ஆகவே, புறத்தே குறி தோன்றும் முன் அகத்தே என்ன நிகழ்கிறது என்பதை அறிய வேண்டியதாயிற்று. குருதி அதற்கு மூன்று வகையில் சான்று கூறுகிறது.

முதலாவது, வைரஸ் தானே குருதியில் ஓடுவது. காய்ச்சலுக்குச் சற்று முன்னரே இது தொடங்கும். இரண்டாவது, வெள்ளணுக்கள் குறைவது. வெக்கை வைரஸ் உடலின் காவலர்களாகிய நிணநீர் அணுக்களையே முதலில் அழிப்பதால், காய்ச்சலையொட்டி அவற்றின் எண்ணிக்கை சரிந்துவிடும். மூன்றாவது, எதிர்ப்பொருள் தோன்றுவது. இது ஏறக்குறைய ஒரு வாரத்திற்குப் பின்னரே குருதியில் புலப்படும். பிழைத்த மாட்டில் வாழ்நாள் முழுதும் நிற்கும். முதல் இரண்டும் வரும் நோயை முன்னறிவிக்கும் தூதுவர். மூன்றாவது, நடந்ததை மறவாத சாட்சி.

இச்சாட்சியைக் கேட்கும் முறைகளுள் எலைசா என்பது சிறந்தது. நம் வீட்டுப் பந்தியைக் கொண்டு இதை விளக்கலாம். 96 சிறு குழிகள் கொண்ட ஒரு தட்டில், ஒவ்வொரு குழியிலும் வைரஸின் கூறுகளைப் பூசி வைக்கிறார்கள். அவை பந்தியில் போட்ட இலைகள். முதலில் மாட்டின் சீரத்தை விடுகிறார்கள். அதில் வெக்கைக்கு உரிய எதிர்ப்பொருள் இருந்தால் அது வந்து இலைகளில் அமர்ந்துகொள்ளும். பிறகு ஆய்வகத்தில் தயாரித்த, நிறம் காட்டக்கூடிய எதிர்ப்பொருளை விடுகிறார்கள். இடம் நிரம்பியிருந்தால் அதற்கு அமர இடம் இல்லை, நிறம் எழாது. இடம் காலியாக இருந்தால் அது அமரும், நிறம் எழும். நிறம் எழாத குழியைக் கண்டால், இம்மாடு வெக்கையைச் சந்தித்திருக்கிறது என்று பொருள். ஒரே நாளில் நூற்றுக்கணக்கான மாடுகளின் சாட்சியத்தை இவ்வாறு கேட்கலாம்.

ஆய்வகச் சோதனையின் அருமைக்குத் தமிழ்நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1987-இல் விழுப்புரத்தை அடுத்த அரசூரில் செம்மறியாடுகளுக்கு ஒரு கொள்ளைநோய் கண்டது. அதற்கு முன்னெல்லாம் ஆடுகளுக்கு அத்தகைய நோய் கண்டால் வெக்கை என்றே கொள்வது வழக்கம். ஆய்வகத்தில் சோதித்தபோது அது வெக்கையன்று, அதற்கு உறவான ஆட்டுக்கொல்லி நோய் என்பது வெளிப்பட்டது. அந்நோய் இந்தியாவில் இருப்பதாக முதன்முதல் அறியப்பட்டது அப்போதுதான். ஒன்றை மற்றொன்றாகக் கருதியிருந்தால், இல்லாத வெக்கையைத் தேடி அலைந்திருப்போம். இருக்கும் ஆட்டுக்கொல்லியைக் கவனியாது விட்டிருப்போம்.

இனி இவ்வரலாற்றின் மிக நுட்பமான கட்டத்துக்கு வருகிறேன். தடுப்பூசி போட்ட மாட்டின் குருதியிலும் எதிர்ப்பொருள் உண்டு. நோய்க்குத் தப்பிய மாட்டின் குருதியிலும் உண்டு. இவ்விரண்டையும் வேறு பிரித்துக் காட்டச் சோதனை இல்லை. ஆகவே, தடுப்பூசி போட்டுக்கொண்டே இருக்கும்வரை குருதி தெளிவாகப் பேசாது. நோய் உண்மையாகவே தொலைந்ததா, தடுப்பூசியின் நிழலில் மறைந்து கிடக்கிறதா என்பதை எவரும் சொல்ல இயலாது. சாட்சியின் வாயைத் திறக்க வேண்டுமாயின் ஊசியை நிறுத்த வேண்டும். ஊசியை நிறுத்தினால் புதிதாகப் பிறக்கும் கன்றுகளெல்லாம் காவலற்றவை. எங்கேனும் ஓர் ஊரில் வைரஸ் ஒளிந்திருந்தால், நாற்பது ஆண்டு உழைப்பு ஒரு கோடையில் அழியும்.

1992-இல் புதிய தேசியத் திட்டம் ஐரோப்பிய நாடுகளின் துணையோடு தொடங்கியது. இந்தியாவில் வெக்கை கடைசியாகக் காணப்பட்டது 1995-இல், தமிழ்நாட்டில். அதன்பின் தடுப்பூசி படிப்படியாக நிறுத்தப்பட்டது. கால்நடை மருத்துவர்களும் ஆய்வாளர்களும் ஊர்தோறும் சென்று, வாயில் புண், கழிச்சல் என்ற சொல் கேட்ட இடமெல்லாம் விசாரித்தார்கள். குருதி எடுத்துப் பனிப்பெட்டியில் வைத்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். எந்த மாட்டில் குருதி எடுப்பது என்பதிலும் ஒரு நுட்பம் இருந்தது. ஊசி நின்றபின் பிறந்த மாடாக இருக்க வேண்டும். ஆனால் இளங்கன்றாக இருத்தல் ஆகாது. ஏனெனில் கன்று சீம்பாலின் வழியே தாயின் எதிர்ப்பொருளைப் பெற்றுச் சில மாதங்கள் சுமந்திருக்கும். அது தாயின் சாட்சியம். கன்றின் சாட்சியம் அன்று. எனவே ஓராண்டு கடந்த இளமாடுகளைத் தேர்ந்தார்கள்.

அவற்றின் குருதி, தான் வெக்கையைக் கண்டதில்லை என்று கூறிற்று. 1998-இல் இந்தியா தற்காலிகமாக நோயற்ற நாடாகத் தன்னை அறிவித்துக்கொண்டது. 2004-இல் நோய் நீங்கிய நாடு என்றும், 2006-இல் தொற்றே நீங்கிய நாடு என்றும் உலக விலங்கு நல அமைப்பு ஏற்றது. உலகில் கடைசியாக இந்நோய் காணப்பட்டது 2001-இல், கென்யாவின் காட்டெருமைகளில். 2011 மே மாதத்தில் உலக விலங்கு நல அமைப்பும், ஜூன் மாதத்தில் ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை அமைப்பும் வெக்கை உலகினின்று ஒழிந்தது என்று அறிவித்தன. பெரியம்மைக்கு அடுத்தபடியாக மனிதன் முற்றும் ஒழித்த நோய் இது ஒன்றே. தடுப்பூசி நோயைக் குறைத்தது. நோய் இல்லை என்பதை மெய்ப்பித்தது குருதி. இவ்விரண்டில் ஒன்று மட்டும் இருந்திருந்தால் இவ்வெற்றி கைகூடியிராது என்பதே என் கருத்து.

இப்பாடம் இன்றும் பயன்படுகிறது. கோமாரி நோய்க்கு 2019-இல் நாடு தழுவிய தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. அந்நோயின் வைரஸ், மாட்டின் உடலில் பெருகும்போது தன் மேலுறையில் இல்லாத வேறு சில புரதங்களையும் உண்டாக்குகிறது. தூய்மை செய்த தடுப்பு மருந்தில் அவை நீக்கப்படுகின்றன. ஆகவே அப்புரதங்களுக்கு எதிரான பொருள் குருதியில் காணப்பட்டால், அது தொற்றின் அடையாளம். ஊசியை நிறுத்தாமலே உண்மையைக் கேட்கும் வழி இங்கே கிடைத்திருக்கிறது.

2019-இல் ஒடிசாவில் முதன்முதல் காணப்பட்டு, பின்னர்ப் பல மாநிலங்களில் பரவிய தோல் கழலை நோய், நம் தோல் தொழிலுக்கு நேரடியாகத் தீங்கு செய்வது. கழலை ஆறிய இடத்தில் வடு நிற்கும். அத்தோல் விலை போகாது. அந்நோய் தோலில் எழுதுவதற்கு முன் குருதியில் அதைப் படித்துவிட வேண்டும் என்பதே இன்றைய ஆராய்ச்சியாளர் நோக்கம். நலமான மாட்டின் குருதியில் மிகச் சிறிதளவே காணப்படும் ஹாப்டோகுளோபின் என்னும் புரதம், உடலில் அழற்சி தோன்றிய ஓரிரு நாளில் பன்மடங்கு உயர்வதை அறிந்திருக்கிறார்கள். ஆனால் அது புகையைப் போன்றது. எங்கோ தீ இருக்கிறது என்று சொல்லும்; தீ வைத்தது எது என்று சொல்லாது. மடிநோயிலும் அது உயரும், காயத்திலும் உயரும். ஆதலால், இத்தகைய பொது அடையாளம் கண்டவுடன் வைரஸின் மரபுப்பொருளைத் தேடும் சோதனையையும் செய்து, இரண்டையும் ஒத்துப்பார்த்தே முடிவு கூறுகிறார்கள். ஒரு சாட்சியின் சொல்லைக் கொண்டு தீர்ப்பளிப்பது வழக்குமன்றத்தில் எவ்வளவு ஆபத்தோ, ஆய்வகத்திலும் அவ்வளவு ஆபத்து.

மாணவ நண்பர்களே, உங்களுள் சிலர் கால்நடை மருத்துவம் பயிலச் செல்வீர்கள். சிலர் என்னைப் போல வரலாறு பயில்வீர்கள். இருவர்க்கும் இக்கதையில் ஒரே பாடம்தான் உண்டு. நோயின் காரணம் அறியாத காலத்தில், மாடு செத்த ஊரில் தோல் உரித்தவன் குற்றவாளியாக நின்றான். அவனுக்காகப் பேச அன்று எவரும் இல்லை. பின்வந்த தலைமுறை ஒரு துளிக் குருதியைப் பேசக் கற்பித்தது; அது நோயின் பெயரைச் சொல்லிற்று. எங்கேனும் ஒரு துன்பம் நேர்ந்து, அதற்கு இன்னாரே காரணம் என்று ஊர் விரல் நீட்டும்போது, சோதித்துப் பார்த்தீர்களா என்று கேட்கும் துணிவு உங்களுக்கு வேண்டும்.